ஆசிரியர்க்கு ஆசிரியர்: ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால்

தாய்க்கும் தந்தைக்கும் அடுத்த நிலையில் ஆசானை வைத்து வணங்குவது நம்மவர் தொன்மரபு. நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறிச் சிறப்பித்தார். இம்மரபில் வளர்ந்த நமக்கு, ஆசிரியத் தொழில் இழிந்ததென்று எண்ணப்பட்ட நாடும் காலமும் இருந்தன என்பது வியப்பினைத் தரும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தோர் நிலை அத்தகையதாகவே இருந்தது. வேறு பிழைப்புக் கிட்டாதார் பலர் அத்தொழிலை மேற்கொண்டனர். கிட்டியவுடன் அதனைக் கைவிட்டுச் சென்றனர். அந்நிலையை மாற்றுதற்பொருட்டுத் தம் பதவியையும் பெருஞ்செல்வத்தையும் சுற்றத்தார் நன்மதிப்பையும் ஒருங்கே இழக்கத் துணிந்தவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் என்னும் பெரியார். அவர்தம் வாழ்க்கையை, சிறப்பாக அவரும் அவருடைய ஆசிரியரும் ஒரு குடும்பமாக உருப்பெற்ற பஞ்ச காலத்தினை, ஈண்டு ஆராயப் புகுவாம்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டின் வடகிழக்கே ரீம்ஸ் என்பதொரு பழம்பெரு நகரம். அந்நாட்டு மன்னர்க்கு முடிசூட்டும் பேராலயம் அமைந்தது அந்நகரிலேயாம். அங்கே 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நம் பெரியார் பிறந்தார். தந்தையார் லூயி தெ லா சால் நீதிமன்றத்தில் உயர்பதவி வகித்தவர். குடும்பமோ செல்வமும் செல்வாக்கும் நிறைந்தது. மக்களுள் மூத்தவராகிய ஜான், குருத்துவ வாழ்வினை விரும்பிப் பதினோராம் வயதிலேயே அதற்குரிய முதற் சடங்கினைப் பெற்றார். பதினைந்தாம் வயதில், 1667-ஆம் ஆண்டில், உறவினர் ஒருவர் விட்டுக்கொடுக்க, ரீம்ஸ் பேராலயக் குருமார் சபையில் ஓரிடம் அவருக்குக் கிடைத்தது. அப்பதவி பெருமதிப்பும் நிலையான வருவாயும் உடையது. அதனைப் படியாகக் கொண்டு மேற்றிராணியார் ஆனோரும் உளர்.

1670-ஆம் ஆண்டில் அவர் பாரிசு நகரத்துச் செயின்ட் சுல்பீஸ் குருமடத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே தாயார் இறந்தார். 1672-ஆம் ஆண்டில் தந்தையாரும் உலக வாழ்வு நீத்தார். இருபத்தொரு வயது நிரம்பாமுன்னரே இளைய உடன்பிறந்தாரைக் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் வந்தது. ஊர் திரும்பிக் குடும்பச் சொத்தினை முறையாக மேற்பார்த்துக்கொண்டே படிப்பையும் தொடர்ந்தார். 1678-ஆம் ஆண்டு பெரிய சனிக்கிழமையன்று குருவாக அபிஷேகம் பெற்றார். 1680-ஆம் ஆண்டில் வேதசாத்திரத்தில் டாக்டர் பட்டமும் எய்தினார்.

வாயிலில் வந்த விருந்தாளி

1679-ஆம் ஆண்டில் ரூவான் நகரினின்றும் ஆத்ரியேன் நியேல் என்னும் முதியவர் ஒருவர் ரீம்சுக்கு வந்தார். ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி நிறுவுதல் அவர் நோக்கம். அவரும் லா சாலும் தற்செயலாய்க் கன்னியர் மடமொன்றின் வாயிலிற் சந்தித்தனர். லா சால் அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்து, பள்ளி தொடங்குதற்கு வேண்டிய வழிகளையும் கூறினார். அவ்வளவே தம் கடன் என்று அவர் எண்ணியிருந்தார். ஆயின் நியேல் பள்ளிகளைத் தொடங்குவதில் விரைவுடையவரேயன்றி நிலைநிறுத்துவதில் அத்துணைப் பொறுமையுடையவரல்லர். ஆசிரியர் பலர் ஒழுங்கின்றி, பயிற்சியின்றி, மேற்பார்ப்பாருமின்றி இருந்தனர். ஆகவே அவர்களைக் கவனிக்கும் வேலை மெல்ல மெல்ல லா சாலையே சார்ந்தது.

முதலில் பள்ளிக்கு அண்மையில் அவர்களுக்கென ஒரு வீட்டினை வாடகைக்குப் பிடித்தார். அடுத்துத் தம் இல்லத்தில் உணவருந்த அழைத்தார். 1681-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் அவர்களைத் தம் வீட்டிலேயே குடியேற்றினார். அந்நாள்வரை அவ்வாசிரியர்களைத் தம் ஏவலாளினும் தாழ்ந்தவராகவே கருதியிருந்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். இவ்வழி எங்குக் கொண்டுசெல்லும் என முன்னறிந்திருப்பின் இதனைத் தொட்டும் இரேன் என்றும் அவர் குறித்துள்ளார். நாட்டுப்புறத்தாரும் ஏழையருமாகிய சிலர் தம்மோடு ஒரே பந்தியில் அமர்ந்துண்ணுதலை அவர் உறவினர் பொறுத்திலர். வெகுண்டு அவருடைய தம்பியரை அவ்வீட்டினின்றும் அழைத்துச் சென்றனர். ஆயினும் அவர் பின்னிடவில்லை. ஓராண்டு கழித்து, 1682-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், தம் மாளிகையை விட்டு நீங்கி, ஏழையர் தெருவிலிருந்த ஒரு வாடகை வீட்டில் ஆசிரியரோடு வாழத் தொடங்கினார்.

பஞ்சம் பிறப்பித்த பள்ளிக் குடும்பம்

அவ்வீட்டில் எழுந்ததொரு வினாவே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. ஆசிரியர் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கினர். பள்ளி மூடப்பட்டால், நோய் வந்தால், முதுமை அடைந்தால் தமக்கு யார் துணை என்று வருந்தினர். லா சால் வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் காட்டி, கடவுளின் பாதுகாப்பை நம்புமாறு அறிவுரை கூறினார். அதனைக் கேட்ட அவர்கள் சினந்திலர், உண்மையையே எடுத்துரைத்தனர். அவர் செல்வர், அவருக்குப் பேராலயத்து வருவாய் உண்டு, பள்ளி அழியினும் அவர் வாழ்வு அழியாது. ஆகவே நம்பிக்கையைப் பற்றிப் பேசுதல் அவருக்கு எளிது. தமக்கோ அரிது என்றனர்.

இச்சொல் அவர் உள்ளத்திற் கூரிய வேலெனப் பாய்ந்தது. அவர்கள் கூற்று நேரியது என்பதை அவர் மறைக்காது ஒப்புக்கொண்டார். தாம் நடவாத வழியிற் பிறரை நடக்கச் சொல்லுதல் போதனையாகாது அன்றோ? முதலில் அவர் மனம் வேறொரு வழியை நாடிற்று. தம் செல்வத்தையெல்லாம் பள்ளிகளுக்கு மூலதனமாக்கி வைத்தால் ஆசிரியர் கவலை தீருமே என எண்ணினார். அறிவுடையோர் பலரும் இதனையே தக்கதென்பர். யாமும் முதலில் அங்ஙனமே கருதுவோம். ஒருமுறை பிட்டுக் கொடுக்கும் அப்பம் ஒருநாட் பசியையே தீர்க்கும். அறநிலையமோ தலைமுறை தலைமுறையாகப் பயன்தரும். ஆயின் பாரிசு நகரத்தில் நிக்கோலா பாரே என்னும் துறவி, பொருளை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளை நிறுவலாகாது, கடவுளையே நம்பி நிறுவுதல் வேண்டும் என்று அவருக்கு அறிவுறுத்தினார். லா சால் நெடிது சிந்தித்து அவ்வுரையை ஏற்றார். தாமே செல்வம் நல்கும் புரவலராக இருப்பின், ஆசிரியர் என்றும் தம் தயவில் வாழ்வோராகவே இருப்பர். தாமும் அவர்களுள் ஒருவராகார் என்பதை உணர்ந்தார் போலும்.

1683-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் பேராலயப் பதவியைத் துறந்தார். அப்பதவி தம் தம்பிக்கே கிடைக்கும் என உறவினர் எதிர்பார்த்தனர். அவரோ அதனை உறவல்லாத ஓர் ஏழைக் குருவுக்கு அளித்தார். அதிமேற்றிராணியாரும் முதலில் இசைந்திலர். ஊராரும் அவரைப் பித்தரென இகழ்ந்தனர்.

அதன்பின் வந்தது பஞ்சம். 1684-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1685-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த குளிர்காலத்தில் உணவுப்பொருள் விலையேறிற்று. பசித்தோர் கூட்டம் நகரெங்கும் நிறைந்தது. லா சால் தம் செல்வத்தை அப்பமாக்கினார். பள்ளிச் சிறுவர்க்கும், வீடு தேடி வந்த வறியோர்க்கும், இரந்து கேட்க நாணி இல்லத்துள்ளே ஒடுங்கிக் கிடந்தோர்க்கும் நாள்தோறும் உணவு பகிர்ந்தளித்தார். பஞ்சம் தீர்ந்தபோது அவர் செல்வமும் தீர்ந்தது. நேற்றுவரை ஆசிரியர்க்குப் புரவலராயிருந்தவர், இன்று அவர்களோடொத்த ஏழையாயினார். இனி அவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசுங்கால் மறுத்துரைப்பார் யாருமிலர்.

அக்காலத்திலேயே அவ்வாசிரியர் தம்மைச் சகோதரர் என அழைக்கலாயினர். முரட்டுக் கறுப்புத் துணியாலாகிய நீண்ட அங்கியும், வெண்ணிறக் கழுத்துப்பட்டையும், தடித்த செருப்பும் அவர்தம் உடையாயின. கூலிக்கு வந்தவர் கூட்டம் குறிக்கோளுடைய குடும்பமாயிற்று. நியேலும் 1685-ஆம் ஆண்டில் தம் ரூவான் நகருக்கே மீண்டார். பள்ளிகள் அனைத்தும் லா சாலின் பொறுப்பாயின.

தாய்மொழிக் கல்வி

அவர் பள்ளிகளில் நிகழ்ந்த மாற்றங்கள் சிலவற்றைக் காண்போம். அந்நாளிற் சிறுவர்க்கு முதலில் இலத்தீன் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே கற்பித்தனர். பொருள் விளங்காத மொழியை ஒலித்து ஒலித்து ஆண்டுகள் கழிந்தன. லா சால் இம்முறையை மாற்றி, பிரெஞ்சு மொழியையே முதலிற் படிப்பித்தார். சார்த்ரு நகரத்து மேற்றிராணியார் பழைய முறையே நன்றென வாதித்தபோது, தம் முறைக்குரிய காரணங்களை எடுத்துக் காட்டினார். பேசும் மொழியைப் படித்தல் எளிது. ஏழைச் சிறுவர் சில ஆண்டுகளே பள்ளியில் இருப்பர். தொழிலுக்குப் போகுமுன் அவர்க்குப் பயன்படுவது தாய்மொழியே. இலத்தீனை அரைகுறையாகக் கற்றவன் இரண்டு மொழியும் படிக்க அறியாதவனாய் வெளியேறுவான். மேலும், தாய்மொழியைப் படிக்கக் கற்றவன் பின்னர் இலத்தீனையும் விரைவிற் கற்பான். இக்காரணங்கள் தமிழ் மாணவராகிய நமக்குப் புதியன அல்ல; ஆயினும் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒருவர் இவற்றைக் கூறிச் செயலிலும் காட்டினார் என்பது போற்றத்தக்கது. மாளிகையினின்றும் ஏழையர் தெருவுக்கு இறங்கி வந்தவர், கற்றோர் மொழியினின்றும் ஏழையர் மொழிக்கு இறங்கி வந்தது இயல்பேயாம்.

பழைய பள்ளிகளில் ஆசிரியர் மாணவரைத் தனித்தனியே அழைத்துப் பாடங்கேட்பர். ஏனையோர் வாளா இருப்பர். லா சால் மாணவரைத் தகுதிக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, ஒரு வகுப்பார் அனைவர்க்கும் ஒரே பாடத்தை ஒருங்கே கற்பிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். காலை உணவைச் சிறுவர் பள்ளியிலேயே உண்டனர். மிகுதியாக அப்பம் கொணர்ந்தோர் அதனை ஒரு கூடையில் இட, அஃது இல்லாத சிறுவர்க்குப் பங்கிடப்பட்டது. பஞ்ச காலத்தில் தலைவர் செய்ததனைச் சிறுவர் பள்ளியில் நாள்தோறும் செய்தனர் எனலாம். இவ்வொழுங்குகளைச் சகோதரரோடு கலந்து ஆராய்ந்து அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1720-ஆம் ஆண்டில் அச்சேறியது. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றும் நிலையமொன்றையும் அவர் ரீம்சில் நிறுவினார்.

இடுக்கண்கள்

1688-ஆம் ஆண்டில் அவர் பாரிசு நகரத்திற் பள்ளி நடத்தப் புகுந்தார். அங்கே துன்பங்கள் தொடர்ந்தன. சகோதரர் சிலர் இறந்தனர், சிலர் விலகினர். முயற்சி முழுதும் பாழாகுமோ என்ற நிலையில், 1691-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், அவரும் வேறிரு சகோதரரும் ஓர் உறுதிமொழி எடுத்தனர். இரந்துண்ண நேரினும், வெறும் அப்பமே உணவாயினும், பள்ளிப் பணியைக் கைவிடேம் என்பதே அதன் சாரம். 1694-ஆம் ஆண்டில் குருவல்லாத சகோதரர் ஒருவரையே தலைவராகத் தேர்ந்தெடுக்குமாறு அவர் வேண்டினார். அனைவரும் அவரையே தேர்ந்தனர். மறுமுறை தேர்வு நடத்தியும் முடிவு மாறவில்லை.

கட்டணம் பெற்று எழுத்துக் கற்பித்த ஆசான்மார், தம் பிழைப்புக் கெடுவதாக அவர்மீது வழக்குத் தொடுத்தனர். ஏழையரென உறுதிப்படாத சிறுவரையும் இலவசமாகச் சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. 1704-ஆம் ஆண்டில் பள்ளிப் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன, தண்டமும் விதிக்கப்பட்டது. நொந்த உள்ளத்தோடு 1712-ஆம் ஆண்டில் அவர் தென்பிரான்சுக்குச் சென்றார். தம்மால்தான் சகோதரர்க்குக் கேடு விளைகின்றதோ என ஐயுற்று ஒதுங்கி வாழ்ந்தார். 1714-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பாரிசுப் பகுதிச் சகோதரர் அவருக்கு ஓர் ஓலை விடுத்தனர். சபைக்குக் கீழ்ப்படிவதாக அவர் தந்த வாக்கினை நினைவூட்டி, உடனே திரும்புமாறு கட்டளையிட்டனர். தாம் உருவாக்கியவரின் கட்டளைக்குத் தாமே தலைவணங்கி அவர் மீண்டார். ஒரு காலத்தில் ஏவலாளினும் கீழாக எண்ணியவர் சொல்லை, அவர் மேலோர் சொல்லாக ஏற்ற இந்நிகழ்ச்சி அவர் வாழ்வின் கொடுமுடியாம்.

இறுதியும் புகழும்

1717-ஆம் ஆண்டில் பார்தெலெமி என்னும் சகோதரர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். லா சால் ரூவான் நகருக்கு அண்மையிலுள்ள சேன்-இயோன் இல்லத்தில் எளிய துறவியாய்க் கீழ்ப்படிந்து வாழ்ந்தார். 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமையன்று, அறுபத்தேழாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவர் சபையில் ஏறக்குறைய நூறு சகோதரர் இருந்தனர். 1900-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரைப் புனிதரென அறிவித்தார். 1950-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்க்கெல்லாம் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அவர் வழிவந்த சகோதரர் இன்றும் பல நாடுகளிற் பள்ளி நடத்துகின்றனர். கொழும்பிலும் நம் தூத்துக்குடியிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் உள்ளன.

அன்பர்காள்! இக்கல்லூரியினின்றும் வெளியேறும் நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். வேறு வேலை கிடைக்கும்வரை இதுவும் ஒரு பிழைப்பு என எண்ணிச் செல்வாரும் நம்மிடையே இலர் எனல் இயலாது. ஆசிரியர் பசியாற உண்பதும் முதுமைக்குச் சிறிது சேர்ப்பதும் தவறல்ல. லா சால் அவர்தம் கவலையை ஒருபோதும் இகழ்ந்திலர். அதனை மெய்யென ஏற்று, அதற்கு விடை தம் சொல்லில் இல்லை, தம் வாழ்வில் இருத்தல் வேண்டும் எனக் கண்டார். கற்பிக்கப்படுவோன் நிற்கும் இடத்தே தானும் நின்று, அவன் பேசும் மொழியிலே பேசி, அவன் உண்ணும் அப்பத்தைத் தானும் உண்ணத் துணிபவனே ஆசிரியன் என்பதனை அவர் வாழ்ந்து காட்டினார். அத்துணிவில் ஒரு சிறு பங்கேனும் நமக்கு வாய்ப்பதாக!