ஓநாய்க் கதைக்கு இசை தந்தவர்

சிறுவர்க்கான கலை இலகுவானது, ஆபத்தற்றது என்றே நாம் எண்ணுகின்றோம். செர்கேய் புரோகோபியேவின் வாழ்வோ வேறு விதமானது.

1891இல் இன்றைய உக்ரேனின் சொன்சோவ்காவிற் பிறந்த இவர், 1918இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 1936இல் குடும்பத்துடன் மொஸ்கோவிற் குடியேறினார். அங்கு சிறுவர் அரங்கை நடத்திவந்த நத்தாலியா சாட்ஸ், இசைக்கருவிகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகஞ்செய்யும் படைப்பொன்றை வேண்டினார். அவ்வாறு பிறந்ததே ‘பீட்டரும் ஓநாயும்’. கதையையும் புரோகோபியேவே எழுதினார்.

பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், முணுமுணுக்கும் பாட்டனாருக்கு பசூன், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், பீட்டருக்கு நரம்பிசைக் கருவிகள். கதை தொடங்குமுன் கருவி ஒவ்வொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அதற்குரிய மெட்டை வாசித்துவிடுவர். பின்னர் கொம்புகள் ஒலித்தாற் போதும், கதைசொல்லி வாய்திறக்குமுன்பே வருவது யாரெனப் பிள்ளைகள் அறிந்துகொள்வர். பெரியோரும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்! எனினும் 1936 மே 2இல் நிகழ்ந்த முதல் அரங்கேற்றம் பெரும் வரவேற்பைப் பெறவில்லை.

மறுவருடமே சாட்ஸ் கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1948இல் கட்சி புரோகோபியேவின் இசையைக் கண்டித்தது. சில படைப்புகள் தடைசெய்யப்பட்டன. அவரது முதல் மனைவி லீனாவும் அவ்வாண்டே சிறைப்பட்டார்.

1953 மார்ச் 5இல் அவர் காலமானார். ஸ்டாலின் இறந்ததும் அதே நாளில்தான். தலைநகரே தலைவருக்காகத் துக்கம் அனுட்டிக்க, இசைஞரின் மரணச் செய்தி சில நாட்கள் கழித்தே பத்திரிகையில் வெளியாகியது.