கடிதத்தில் வளர்ந்த பிள்ளைகள்

அமெரிக்க நாட்டின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ். அவருடைய மூத்த மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் பிற்காலத்தில் அதிபரானார். இது பலர் அறிந்த செய்தி. ஆனால் அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெற்றோர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களையும் சேர்த்துத்தான்.

ஜான் ஆடம்ஸ் 1735-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸில் பிரெயின்ட்ரி என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடு. தகப்பனார் விவசாயி, செருப்புத் தைக்கும் தொழிலும் செய்தவர். சிறு வயதில் ஜானுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. நானும் விவசாயம்தான் செய்வேன் என்று அடம் பிடித்தான். சரி வா என்று தகப்பனார் அவனைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப் போய், கூரை வேயும் புல்லை நாள் முழுக்க வெட்ட வைத்தார். மாலையில் சேறும் சகதியுமாக வீடு திரும்பிய பையனிடம், எப்படி, வேலை பிடித்ததா என்று கேட்டார். ரொம்பப் பிடித்தது என்று சொல்லிவிட்டான் அந்த வீம்புக்காரன்! எனக்குப் பிடிக்கவில்லை, நீ பள்ளிக்குப் போ என்றார் அப்பா. அப்படிப் போனவன் 1755-இல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்றான். அதன் பிறகு செய்த முதல் வேலை என்ன தெரியுமா? வூஸ்டர் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். (எங்கள் இனம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.) பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1764-இல் அபிகேல் என்ற அறிவுள்ள பெண்ணை மணந்தார். மகள்களோடு ஜான் குவின்சி 1767-லும், சார்லஸ் 1770-லும், தாமஸ் 1772-லும் பிறந்தார்கள்.

கடைக்குட்டிக்கு இரண்டு வயது ஆவதற்குள் நாட்டில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டது. 1774-இல் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டுக்குப் போனார். அன்று முதல் பத்து ஆண்டுகள், அவர் வீட்டில் தங்கிய நாள்கள் சொற்பமே. நிலம், வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அபிகேல் தலையில் விழுந்தன. 1775-இல் பங்கர் ஹில் சண்டை நடந்தபோது, வீட்டுக்குப் பக்கத்துக் குன்றில் நின்று, தொலைவில் எழுந்த புகையையும் நெருப்பையும் அவர் பார்த்தார். ஏழு வயது ஜான் குவின்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தகப்பனார் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவது ஒன்றுதான். எழுதினார், எழுதினார், ஓயாமல் எழுதினார். பிள்ளைகளும் பதில் எழுத வேண்டும் என்பது கட்டளை. 1777-இல் ஜான் குவின்சிக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அப்போது அவன் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நம் மாணவர்கள் அதைக் கேட்க வேண்டும். கடிதம் எழுதுவதைவிட வாங்குவதுதான் தனக்குப் பிரியம் என்கிறான். தன் புத்தி பறவை முட்டைகளுக்குப் பின்னாலும் விளையாட்டுக்குப் பின்னாலும் ஓடுகிறதாம். தன்னை நிலையாக உட்கார வைக்க அம்மா படாத பாடு படுகிறாராம். சரித்திரப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தில் பாதியை முடித்திருக்க வேண்டும், இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன் என்று உண்மையை ஒப்புக்கொள்கிறான். கடைசியில், படித்ததில் முக்கியமானவற்றை எழுதி வைக்க ஒரு வெற்று நோட்டுப் புத்தகம் அனுப்புங்கள் என்று கேட்கிறான். அந்தப் பையன் பன்னிரண்டு வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1848-இல் இறக்கும் காலம் வரை எழுதினான்.

1778-இல் ஆடம்ஸ் பிரான்சுக்குத் தூதுவராகப் போனபோது ஜான் குவின்சியையும் அழைத்துப் போனார். புயல், இடி, எதிரிக் கப்பல்களின் துரத்தல் எல்லாம் அந்தப் பயணத்தில் உண்டு. மறு ஆண்டு ஊர் திரும்பி, மூன்றே மாதத்தில் மறுபடியும் புறப்பட்டார். இம்முறை ஒன்பது வயது சார்லஸும் கூட. கப்பலில் ஓட்டை விழுந்து, பயணிகள் எல்லாரும் மாறி மாறித் தண்ணீரை இறைத்தார்கள். எப்படியோ ஸ்பெயின் கரையைத் தொட்டு, அங்கிருந்து குளிர்காலத்தில் கோவேறு கழுதைகளில் மலை ஏறி இறங்கி, 1780 பிப்ரவரியில் பாரிஸ் சேர்ந்தார்கள்.

பிறகு அப்பா ஹாலந்து நாட்டில் இருந்தபோது, பிள்ளைகளை லெய்டன் நகரத்தில் படிக்க வைத்தார். அங்கேயும் கடிதம்தான். கையெழுத்தைத் திருத்து, பெரிய கவிஞர்களைப் படி, சட்டைப் பையில் ஒரு கவிதைப் புத்தகம் இருந்தால் தனிமையே தெரியாது என்றெல்லாம் எழுதினார். உறைந்த பனியில் சறுக்கி விளையாடுவதைக்கூட விடவில்லை. வேகம் மட்டும் போதாது, அழகாகச் சறுக்க வேண்டும் என்று அதற்கும் பாடம்!

1781-இல் ஜான் குவின்சி பதினான்கு வயதில் ரஷ்யாவுக்குப் போனான், அமெரிக்கத் தூதுவருக்குச் செயலாளராக. பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அவன் வேலை. சார்லஸுக்கு அதெல்லாம் ஒத்துவரவில்லை. இனிய குணமுள்ள பையன், எல்லாருக்கும் செல்லம். அம்மாவை நினைத்து ஏங்கினான், உடம்புக்கும் முடியாமல் போனது. பதினொரு வயதில் அவனை ஊருக்குக் கப்பல் ஏற்றினார் தகப்பனார். கப்பல் வழியில் ஸ்பெயினில் நின்றுபோய், வீடு போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மாதமாயிற்று.

மூவரும் ஹார்வர்டில் படித்தார்கள், மூவரும் வழக்கறிஞரானார்கள். தகப்பனார் துணை அதிபரானார். 1794-இல் மூத்தவனுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் நமக்கே நெஞ்சு அடைக்கும். உனக்குக் கிடைத்த வசதிகளுக்குச் சாதாரண வெற்றி கேவலம். நாட்டின் உச்சிக்கு நீ ஏறாவிட்டால் அது உன் சோம்பேறித்தனத்தால்தான் என்ற பொருளில் எழுதினார். ஜான் குவின்சி அந்தப் பாரத்தைத் தாங்கினார். எல்லாத் தோளும் தாங்குமா?

சார்லஸ் நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். குடி பிடித்துக்கொண்டது. குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் நம்பி ஒப்படைத்த சேமிப்பும் கரைந்தது. 1799-இல், மருமகள் வாயால் நிலைமையைக் கேட்ட ஆடம்ஸ், அப்போது நாட்டின் அதிபர், அவன் இனி என் மகன் இல்லை என்ற கருத்தில் மனைவிக்கு எழுதிவிட்டார். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிய கை, அந்த மகனை மட்டும் உதறியது.

மறு ஆண்டு நவம்பரில் புதிய தலைநகருக்குப் போகும் வழியில், அபிகேல் நியூயார்க்கில் இறங்கி மகனைப் பார்த்தார். படுத்த படுக்கை. பேத்தி சூசன்னாவைத் தன்னோடு அழைத்துப் போனார். தகப்பனார் போய்ப் பார்க்கவில்லை. 1800 நவம்பர் 30-இல் சார்லஸ் இறந்தார், வயது முப்பது. அதே சமயம்தான் தகப்பனார் தேர்தலிலும் தோற்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் தாய் செய்ததே சரி என்று எனக்குப் படுகிறது.

சில மாதம் கழித்து, புதிய அதிபர் ஜெபர்சன், ஆடம்ஸ் பேருக்கு வந்த ஒரு கடிதத்தைப் பிரித்துவிட்டு, தெரிந்ததும் அனுப்பி வைத்தார். அது சார்லஸின் இறுதிச் சடங்கைப் பற்றிய கடிதம். தன்னைத் தோற்கடித்த அந்த மனிதருக்கு எழுதிய பதிலில்தான் ஆடம்ஸ் மனம் திறந்தார். ஒரு காலத்தில் தன் கண்ணுக்குக் கண்ணாக இருந்த பிள்ளை என்றும், தன் வாழ்நாளின் பெருந்துயரம் இதுதான் என்றும் எழுதினார். மகன் உயிரோடு இருந்தபோது போக வேண்டிய சொல், இறந்த பிறகு வேறொருவர் வீட்டுக்குப் போயிற்று.

தாமஸ் நீதிபதியாகப் பணியாற்றினார். ஆனால் அவரையும் குடி விடவில்லை; 1832-இல் இறந்தார். சார்லஸின் மகள் சூசன்னா தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தாள்.

1825-இல் ஜான் குவின்சி அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செய்தியைத் தெரிவித்து அன்றே தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். கிழவருக்கு வயது எண்பத்தொன்பது; அபிகேல் 1818-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனை வாழ்த்தி முதியவர் பதில் அனுப்பினார்.

1826 ஜூலை 4, நாடு விடுதலை அறிவித்த ஐம்பதாவது ஆண்டு நாள். அன்று ஜான் ஆடம்ஸ் காலமானார். ஜெபர்சன் இறந்ததும் அதே நாள்தான். தகப்பனார் உடல்நிலை மோசம் என்ற கடிதங்கள் வாஷிங்டனில் மகன் கைக்கு வந்தது ஜூலை 8. மறுநாள் விடியற்காலையில் வண்டி ஏறினார். வழியில் ஒரு சத்திரத்தில், அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது.