வீரர்களை வரைந்த குனியோஷி

ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோ, 1868ஆம் ஆண்டு வரை எடோ என்னும் பெயரால் வழங்கியது. அந்நகரில் 1798ஆம் ஆண்டு, பட்டுத்துணிக்குச் சாயம் தோய்க்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் உதகாவா குனியோஷி. 1811ஆம் ஆண்டு டொயோகுனி என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அக்கால எடோவில் ஓவியம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குபவர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு செதுக்குவார். அச்சிடுபவர் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பலகையைப் பயன்படுத்தி அச்சிடுவார். இவ்வாறு உருவான படங்களை எளிய மக்களும் விலை கொடுத்து வாங்கினர். கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தமையாலேயே ஆட்சியாளர் இவற்றின் மீது ஒரு கண் வைத்திருந்தனர்.

பயிற்சி முடித்த குனியோஷியைப் பல ஆண்டுகள் வறுமை வாட்டியது. பாய் விற்றுப் பிழைத்தார் என்றும் கூறுவர். 1827ஆம் ஆண்டளவில், பழைய சீனக் கதையொன்றில் வரும் 108 வீரர்களை வரையத் தொடங்கினார். பச்சை குத்திய உடலும் முறுக்கேறிய தசையுமாக அவ்வீரர்கள் தாளைவிட்டுப் பாய்வனபோல் தோன்றினர். எடோ நகரமே அவரை வீரர் ஓவியர் என அழைத்தது. பின்னர் ஜப்பானியப் போர்வீரர்களாகிய சாமுராய்கள் பலரை வரைந்தார்.

பூனைகள்மீது அவர் கொண்ட அன்பு அளவிறந்தது. ஆடைக்குள் பூனைக்குட்டியை வைத்துக்கொண்டே ஓவியம் தீட்டுவாராம்!

1842ஆம் ஆண்டு, நடிகர்களின் படங்களை அச்சிட அரசு தடை விதித்தது. ஆட்சியாளரைப் படமாக்குதல் முன்னரே குற்றம். மறு ஆண்டில் குனியோஷி, மூன்று தாள்களை இணைத்து ஒரு பெரும்படம் வெளியிட்டார். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யோரிமித்சு என்னும் சாமுராய்த் தலைவர் அதில் நோயுற்றுப் படுத்திருக்கிறார். மாயச் சிலந்தியொன்று அவர்மேல் வலை விரிக்கிறது. பின்னால் இருளில் பேய்க்கூட்டம் திரண்டு நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது பழங்கதை. ஆனால் மக்களோ, உறங்கும் தலைவரைத் தம் ஆட்சியாளராகவும் பேய்களைத் தடைகளால் வாடிய குடிமக்களாகவும் கண்டனர். படத்தை வாங்கக் கூட்டம் அலைமோதியது. அஞ்சிய வெளியீட்டாளர், விற்காத படிகளைத் திரும்பப் பெற்று, மரப்பலகைகளையும் அழித்தார். குனியோஷி தண்டனைக்குத் தப்பினார். முன்னரே விற்ற படிகள் சில, இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன.

குனியோஷி 1861ஆம் ஆண்டு மறைந்தார். அவரிடம் சிறுவனாகப் பயிலச் சேர்ந்த யோஷிதோஷி, அதன்பின் 30 ஆண்டுகள் சாமுராய்களை வரைந்துவந்தார்.