பறவைகளை எண்ணுவித்த பெருமகனார்

ஒரு பறவையினம் பெருகுகின்றதா, அருகுகின்றதா என்று அறியாமல் அதனைக் காத்தல் இயலாது. பரந்த நாடு முழுவதும் பறவைகளை எண்ணுதலோ சில அறிஞரால் மட்டும் ஆகும் செயலன்று. இதனை உணர்ந்து, பொதுமக்களையே எண்ணுவோராக்கியவர் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் பிராங்க் சாப்மன்.

இவர் 1864-ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். கல்லூரியில் பயின்றாரல்லர். நியூயார்க் நகரத்து வங்கி ஒன்றில் பணியில் அமர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் பேரேடுகளில் தங்கவில்லை. 1884-ஆம் ஆண்டில், பறவைகள் வலசை வரும் நாட்களைக் குறித்து அனுப்புமாறு அமெரிக்கப் பறவையியலார் சங்கம் ஆர்வலரை வேண்டிற்று. சாப்மன் வைகறையில் எழுந்து காடு சென்று, கண்டவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னரே புகைவண்டி ஏறி அலுவலகம் செல்வார். இரண்டே ஆண்டுகளில் வங்கிப் பணியைத் துறந்தார்.

அந்நாளில் மகளிர் தொப்பிகளில் இறகுகளையும், பாடம் செய்த முழுப் பறவைகளையுமே சூடுதல் நாகரிகமாக இருந்தது. 1886-ஆம் ஆண்டில் சாப்மன் நியூயார்க் தெருக்களில் இரண்டு பிற்பகல் நடந்து 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 தொப்பிகளில் இறகுகள் இருந்தன! அவற்றில் 40 வகைப் பறவைகளை அவர் இனங்கண்டார். காட்டிற் காண வேண்டியவற்றைக் கடைத்தெருவில் எண்ண நேர்ந்த அவலத்தை என்னென்பது!

1888-ஆம் ஆண்டு முதல் அவர் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தார். ஆராய்ச்சியின் பொருட்டு அவரும் பறவைகளைச் சுட்டதுண்டு. இதனை மறைத்தல் வேண்டா. அக்கால அறிஞர் பலர்க்கும் அதுவே வழக்கம். ஆனால், விளையாட்டுக்காகக் கொல்லுதலை அவர் பொறுத்தாரல்லர். கிறித்துமசு நாளில் ஆடவர் இரு அணியாகப் பிரிந்து, எதிர்ப்பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுக் குவிப்பர். எவர் குவியல் பெரிதோ அவர்க்கே வெற்றி.

இவ்வழக்கத்தை வெறுமனே கடிந்துரைப்பதோடு அவர் நின்றாரல்லர்; அதற்கு ஈடாக வேறொரு போட்டியை நாட்டினார். தாம் 1899-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பேர்டு-லோர்’ என்னும் இதழ் வாயிலாக, 1900-ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் துப்பாக்கியின்றிப் புறப்படுமாறு மக்களை அழைத்தார். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், காற்று, வெப்பநிலை, கண்ட பறவைகளின் வகை, தொகை ஆகியவற்றை எழுதியனுப்பச் செய்தார். அழைப்பை ஏற்றவர் 27 பேரே. கனடாவின் டொரான்டோ முதல் கலிபோர்னியாக் கடற்கரை வரை 25 இடங்களில் அவர்கள் எண்ணினர். ஏறத்தாழ 90 வகைகளைச் சேர்ந்த 18,500 பறவைகள் கணக்கில் வந்தன.

ஓராண்டுக் கணக்கால் மட்டும் பெரும்பயன் விளையாது. அதே இடத்தில், அதே பருவத்தில், ஆண்டுதோறும் எண்ணி ஒப்பிடும்போதுதான் எந்தப் பறவை குறைந்துவருகின்றது என்பது புலனாகும். ஆதலின் பிற்காலத்தில், 15 மைல் குறுக்களவுள்ள வட்டத்தை எல்லையாக வகுத்து, அதனுள் ஒரே நாளில் எண்ணும் முறை ஏற்பட்டது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வட்டங்களில் உழவரும் ஆசிரியரும் மாணாக்கரும் எண்ணுகின்றனர்.

சாப்மன் 1945-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் மறைந்தார். அடுத்த திங்களில் கிறித்துமசு வந்தது. அன்பர்கள் வழக்கம்போல் குறிப்பேட்டுடன் புறப்பட்டனர்.