தம்மையே சோதித்த அறிஞர்

மறதியை நொந்துகொள்ளாத மாணவர் உலகில் இல்லை. ஆனால் அம்மறதியையே அளந்து பார்ப்போம் என்று துணிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ். அச்சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆள் ஒரே ஒருவர், அவ்வொருவரும் அவரேதாம்!

1850 ஜனவரி 24-ஆம் நாள் பார்மென் நகரில் வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழிநூலும் பயிலத் தொடங்கிப் பின்னர்த் தத்துவத்தின்பால் மனம் திரும்பினார். 1870-இல் பிரான்சுடன் போர் மூளவே, படையில் சேர்ந்து பணியாற்றினார். 1873-இல் டாக்டர் பட்டம் பெற்றபின், இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காலம் கழித்தார். அந்நாளில் பழைய புத்தகக் கடையொன்றில் ஃபெக்னரின் நூல் அவர் கைக்குக் கிட்டியது என்பர். புலனுணர்ச்சியைக் கணக்கால் அளக்கலாம் என்று காட்டிய நூல் அது. உணர்ச்சியை அளக்கலாமெனில் நினைவை ஏன் அளக்கலாகாது?

1879-இல் லைப்சிக்கில் உளநூல் ஆய்வுக்கூடம் நிறுவிய வுண்ட் போன்ற பேரறிஞரே, நினைவு முதலியன சோதனைக்கு எட்டா என்று கருதிய காலம் அது. எப்பிங்ஹாசுக்கோ ஆய்வுக்கூடமும் இல்லை, உதவியாளரும் இல்லை. ஆயினும் 1879-இல் தொடங்கிவிட்டார்.

பாட்டை மனப்பாடம் செய்தால் பொருளும் ஓசையும் துணைக்கு வந்துவிடும். ஆகவே, இரு மெய்களுக்கிடையே ஓர் உயிர் வைத்துப் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 அமைத்தார். ஒருமுறை கற்றது மனத்தில் தங்கி அடுத்த சோதனையைக் கெடுக்குமன்றோ? அதனால் ஒவ்வொரு முறையும் அசைகளைக் கலைத்துப் புதிய வரிசை கோத்தார். கடிகார ஒலிக்கு இசைய, நிமிடத்துக்கு 150 அசை என்ற ஒரே வேகத்தில், நாளின் குறித்த வேளையில் படித்தார்.

அளவுகோல் மிக எளியது. ஒரு வரிசையைக் கற்க முதலில் 1000 விநாடியும், மறந்தபின் மீண்டும் கற்க 500 விநாடியும் ஆயின், மிச்சம் நூற்றுக்கு 50. அவர் கண்ட மிச்சம் 20 நிமிடத்துக்குப் பின் நூற்றுக்கு 58. ஒரு மணிக்குப் பின் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. 31 நாளில் 21. மறதி முதலில் விரைந்து பாய்கிறது. பின்னர் ஊர்ந்து செல்கிறது.

ஒருவரைச் சோதித்தது சான்றாகுமா? இவ்வினா நியாயமானதே. பலரைச் சேர்த்துச் சராசரி காணும் முறையில் தனி மனிதனின் போக்கு மறைந்துபோவதுண்டு. எப்பிங்ஹாஸ் தம் பழைய நிலையைத் தம் புதிய நிலையோடு ஒப்பிட்டார்; ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாது வைத்தார்; பலமுறை அளந்து பிழையளவையும் கணக்கிட்டார். அதோடும் அமையாது, 1883-84-இல் மீண்டும் சோதித்துப் பார்த்த பிறகே, 1885-இல் நூலை வெளியிட்டார். தம் எண்கள் ஒருவரைப் பற்றியவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் இச்சோதனையை மற்றொருவரிடம் நடத்தி, ஏறக்குறைய அதே வளைகோட்டையே கண்டனர்.

மருத்துவத்துக்கும் இம்முறை உதவுகிறது. 1986-இல் கனடாவில் கயட் முதலிய மருத்துவர்கள், ஒரே நோயாளிக்கு மருந்தையும் போலி மருந்தையும் மாறிமாறிக் கொடுத்து, எது எது என அவரும் மருத்துவரும் அறியாதபடி வைத்துச் சோதிக்கும் முறையை விளக்கினர். நாட்பட்ட நோய்க்கு, விரைவில் செயற்பட்டு விரைவில் நீங்கும் மருந்துக்கே இது பொருந்தும். முதல் மருந்தின் பயன் எஞ்சி நின்றால் ஒப்பீடு கெடும். எப்பிங்ஹாஸ் அசைகளைக் கலைத்துக்கொண்டே இருந்ததன் பொருள் இங்கே விளங்குகிறது.

1886-இல் பெர்லினில் பேராசிரியரானார். 1890-இல் கோனிக்குடன் சேர்ந்து உளநூல் இதழொன்று கண்டார். 1894-இல் பிரெஸ்லாவுக்கும், 1905-இல் ஹாலேக்கும் சென்றார். 1909 பிப்ரவரி 26 அன்று நிமோனியாவால் மறைந்தார்.

தேர்வுக்கு முந்திய இரவில் விளக்கெரித்து விழித்திருக்கும் விடுதித் தோழர்களுக்கு அவர் விட்டுச்சென்ற கணக்கு ஒன்றுண்டு. ஒரே நாளில் 68 முறை படித்ததால் கிட்டிய பயன், மூன்று நாட்களில் பகிர்ந்து படித்தபோது 38 முறையிலேயே அவருக்குக் கிட்டியது. நமக்கும் அப்படித்தானா என்பதை நம்மிடமே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டுவன ஒரு கடிகாரமும், ஒரு குறிப்பேடும், பொய் எழுதாத கையுமே.