கராத்தே தந்த பள்ளி ஆசிரியர்

கராத்தே என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது எது? ஓடுகளையும் செங்கற்களையும் வெறுங்கையால் உடைத்தெறியும் ஒரு முரட்டு உருவந்தான். ஆனால் அந்தக் கலையை உலகறியச் செய்த பெரியவர் அப்படிப்பட்டவர் அல்லர். சிறிய உருவம், மென்மையான பேச்சு, கவிதை எழுதுவதில் ஆசை, தொழிலோ ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை. கிச்சின் புனகோஷி என்பது அவர் பெயர். அவர் பிறந்தபோது, இந்தக் குழந்தை தங்குமா என்று வீட்டார் கலங்கினார்களாம்.

ஜப்பானின் தென்கோடியில் ஓகினாவா என்றொரு தீவு உண்டு. முன்னாளில் தனி அரசாக விளங்கிய அத்தீவின் தலைநகர் ஷூரி. அங்கே 1868ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார் புனகோஷி. தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பச்சிலை மருந்துகளோடு வளர்ந்தார். பாட்டனாரே அவருக்குச் சீன அறநூல்களைக் கற்பித்தார். பள்ளியில் அவருடன் படித்த ஒரு சிறுவனின் தந்தை அசாத்தோ என்னும் பெருமகனார். அவர் கராத்தேயில் ஈடிணையற்றவர் எனப் பெயர் பெற்றவர். நோஞ்சானாக இருந்த புனகோஷி, உடம்பு தேறட்டும் என்றுதான் அவரிடம் முதலில் போனார். ஓரிரு ஆண்டுகளில் உடல் தேறிவிட்டது. ஆனால் கற்பதை மட்டும் அவர் விடவில்லை.

இங்கே ஒன்றை நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்நாளில் கராத்தே மறைவாகக் கற்கும் கலை. பயிற்சிக்கூடம் கிடையாது, சீருடை கிடையாது, படித்தறிய ஒரு நூலும் கிடையாது. எனவே இரவில்தான் பாடம். நிலவில்லாத இரவுகளில் கையில் விளக்கை ஏந்திக்கொண்டு நெடுந்தொலைவு நடந்து ஆசிரியர் வீட்டுக்குப் போவார். விடியும் வேளையில் திரும்புவார். இந்த இளைஞன் இரவெல்லாம் எங்கே போய் வருகிறான் என்று அக்கம்பக்கத்தார் தவறாகக்கூடப் பேசினர். அவர் வாய் திறக்கவில்லை.

ஆசிரியர் வீட்டுப் பின்முற்றத்தில் மங்கிய விளக்கொளியில் பயிற்சி நடக்கும். தாக்குதலும் தடுத்தலும் ஓர் ஒழுங்கில் கோத்து வருகின்ற அசைவுத் தொடரைக் 'கட்டா' என்பர். அசாத்தோ தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பார். ஒரே கட்டாவை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். அது சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போக விடமாட்டார். மூன்றே மூன்று கட்டாக்களைக் கற்கப் புனகோஷிக்குப் பத்து ஆண்டுகள் ஆயின! கணக்குப் பாடத்தில் ஒரே பயிற்சியை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்கலாம். பாராட்டு என்று வந்தால் அது ஒற்றைச் சொல்தான். அதுவும் என்றோ ஒருநாள். பின்னர் அசாத்தோவின் நண்பர் இத்தோசுவிடமும் அவர் பயின்றார்.

ஆசிரியரின் முற்றத்தில் செய்தது பாதி என்றால், தாமாகச் செய்துகொண்டது மீதிப் பாதி. தரையில் நட்ட மரக்கம்பத்தின் மேற்பகுதியில் வைக்கோல் புரியைச் சுற்றி, அதில் நாள்தோறும் கைமுட்டியால் குத்திப் பழகுவார்கள். இதற்கு 'மாகிவாரா' என்று பெயர். தொடக்கத்தில் மெதுவாகவே குத்த வேண்டும். தோலும் எலும்பும் பழகப் பழகத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டவர்களுக்குக் கை வீங்குவதுதான் மிச்சம். கால்களுக்கு வலுவேற்றக் கனத்த மிதியடிகளை அணிந்து நடப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் விஞ்சிய நிகழ்ச்சி ஒன்றை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில், யாரோ ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். ஓகினாவாவில் பெரும்புயல் அடித்த ஒரு நாள். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, இவர் கூரைமேல் ஏறி, குதிரைமேல் அமர்ந்தவர்போல் கால்களை அகட்டி மடித்து நின்று, தடித்த பாய் ஒன்றை இரு கைகளாலும் தூக்கிக் காற்றை எதிர்த்து நின்றாராம். உடம்பெல்லாம் சேறு. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மருத்துவர் ஆக வேண்டும் என்பதே இளமையில் அவருடைய கனவு. தோக்கியோவில் உள்ள மருத்துவப் பள்ளித் தேர்வை எழுத 1870இலோ அதற்குப் பின்னோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பதிவேட்டில் தம் பிறந்த ஆண்டை 1870 என்று மாற்றிவிட்டார். (இதற்கு நாம் மதிப்பெண் கொடுப்பதற்கில்லை.) தேர்விலும் வென்றார். ஆனால் குடுமி வைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. குடுமியை எடுப்பதா என்று குடும்பத்தார் கொதித்தெழ, மருத்துவக் கனவு அத்துடன் கலைந்தது. 1888இல் ஆசிரியர் வேலை கிடைத்தபோதும் அதே நிபந்தனை வந்தது. இம்முறை குடுமியை எடுத்துவிட்டே வீட்டுக்குப் போனார். தந்தை சினந்து கத்தினார். தாயார் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆசிரியராகப் பணி செய்தார். சொற்ப ஊதியம், குடும்பமோ பெரிது. அவர் மனைவி தோட்டம் பயிரிட்டும் துணி நெய்தும் குடும்பத்தைத் தாங்கினார். அந்த அம்மையாரும் கராத்தே கற்றவர். தெருவில் யாராவது சண்டையிட்டால், பேசியே அவர்களை விலக்கிவிடும் ஆற்றல் அவருக்கு இருந்ததாம். நம் மாணவியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை இரவில், வீட்டில் முன்னோருக்குப் படைப்பதற்கென்று இனிப்புப் பணியாரங்களை எடுத்துக்கொண்டு புனகோஷி தனியே வந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் வழிமறித்து மிரட்டினர. அவர்களை வீழ்த்துவது அவருக்குப் பெரிய காரியமாக இருந்திராது. ஆனால் அவர் கையை ஓங்காமல், பணியாரங்களைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். கேள்வியுற்ற ஆசிரியர்கள் அவரை மெச்சினர். எத்தனையோ இரவு கட்டாக்களைப் பார்த்தும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பாராட்டாதவர்கள் மெச்சியது, அவர் அடிக்காமல் வந்த அந்த இரவை!

1921இல் பட்டத்து இளவரசர் ஹிரோஹித்தோ ஓகினாவாவுக்கு வந்தபோது, ஷூரி கோட்டையில் புனகோஷியின் தலைமையில் கராத்தே காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு தோக்கியோவில் கல்வி அமைச்சு ஒரு பொருட்காட்சி நடத்தியது. அங்கு அவர் அனுப்பப்பட்டார். நிற்கும் நிலைகளையும் கட்டாக்களையும் நிழற்படங்களாக மூன்று நீண்ட சுருள்களில் ஒட்டி எடுத்துச் சென்றார். சில நாள்களில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ தம் கூடத்துக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்றும் வேண்டினார். பிறகு ஹோவன் கொசுகி என்னும் ஓவியர் கற்றுத்தரக் கேட்டார். அவரே இன்னொரு யோசனையும் சொன்னார்: ஓகினாவாவிலிருந்து ஆசிரியர் வந்து எல்லாருக்கும் சொல்லித்தர இயலுமா? ஒரு நூல் எழுதினால் என்ன?

நள்ளிரவில் விளக்கொளியில் ஒரு தாளும் இல்லாமல் கற்ற மனிதர், அந்தக் கலையைத் தாளில் எழுத உட்கார்ந்தார். 1922 நவம்பரில் நூல் வெளிவந்தது. ஓவியர் கொசுகியே அட்டையை வடிவமைத்துக் கொடுத்தார். ஓராண்டு முடிவதற்குள், 1923 செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அச்சுத் தகடுகள் அழிந்துபோயின. அவர் சோர்ந்துவிடவில்லை. 1925இல் நிழற்படங்களுடன் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். 1935இல் 'கராத்தே-தோ கியோஹான்' என்னும் பெருநூலை வெளியிட்டார். கராத்தே ஆண், பெண், முதியோர், சிறியோர் எவருக்கும் ஏற்றது என்பது அவர் கருத்து. சீனக் கை என்று பொருள்பட்ட பழைய எழுத்தை விட்டு, வெறுங்கை என்று பொருள்படும் எழுத்தால் கராத்தே என்ற பெயரை எழுதும் வழக்கத்தை நிலைநாட்டியவரும் அவரே. இதற்காக ஓகினாவாவில் பலர் அவர்மீது கோபம் கொண்டனர்.

நூலாசிரியர் என்றதும் வசதியான வாழ்க்கை என்று எண்ணிவிடக் கூடாது. ஓகினாவா மாணவர் விடுதியொன்றில் சிறு அறையில் தங்கி, கூடத்தைப் பெருக்கி, தோட்டத்தைத் துப்புரவு செய்து, இரவுக் காவலும் பார்த்தார். ஐம்பதைக் கடந்த ஆசிரியர்! கைப்பணம் தீர்ந்தபோது பழைய தொப்பியையும் ஓகினாவாவில் நெய்த உடையையும் அடகுக் கடைக்குக் கொண்டுபோனார். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே பணம் கொடுத்தார்களாம். கடைக்காரர் குடும்பத்தில் ஒருவர் அவரிடம் கராத்தே கற்றவர் என்பது பிறகு தெரிந்தது. 1924இல் கியோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கியது. மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. 1930களின் பிற்பகுதியில் மாணவர்கள் நன்கொடை திரட்டி அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டினர். ஷோத்தோ என்பது கவிதைகளுக்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். காற்றில் அலையும் பைன் மரங்கள் என்று பொருள். அதையொட்டிக் கூடத்துக்கு 'ஷோத்தோகான்' என்று பெயரிட்டனர்.

சில நாள்களுக்கென்று வந்தவர் தலைநகரிலேயே தங்கிவிட்டார். மனைவியோ ஓகினாவாவை விட்டு வர இசையவில்லை. முன்னோர் கல்லறைகளையும் வழிபாட்டுக் கடமைகளையும் யாரிடம் விட்டு வருவது என்பது அவர் வாதம். ஆண்டுகள் இருபதுக்கு மேல் இப்படியே கழிந்தன. புனகோஷியின் புகழைப் பேசுகிற நாம், அதற்கான விலையில் பெரும்பங்கை அத்தீவில் இருந்த அம்மையார் கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1945இல் போர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. ஷோத்தோகான் குண்டுவீச்சில் அழிந்தது. அவருக்குப் பின் கலையை நடத்துவார் என்று நம்பியிருந்த மகன் யோஷித்தாகா அதே ஆண்டில் நோயால் இறந்தார். ஓகினாவா போர்க்களமானதால் மனைவி அகதியாகக் கியூஷூ தீவின் ஓயித்தா பகுதிக்கு வந்து சேர்ந்தார். புனகோஷி அங்கே போய் அவருடன் சேர்ந்துகொண்டார். முதிய தம்பதியர் காய்கறி பயிரிட்டும் கடற்பாசி சேகரித்தும் பிழைத்தனர். 1947இல் அந்த அம்மையார் கண்மூடினார். அவருடைய அஸ்தியை எடுத்துக்கொண்டு புனகோஷி தோக்கியோவுக்கு ரயிலேறினார். வழியில் ரயில் நின்ற நிலையங்களில் பழைய மாணவர்கள் காத்திருந்து துக்கம் கேட்டனர்.

அதன்பிறகும் அவர் கற்பித்தார். பத்தாண்டு கழித்து, 1957 ஏப்ரல் 26ஆம் நாள், தம் 88ஆம் வயதில் மறைந்தார். கடைசிக் காலத்தில் தம் பெருநூலைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பதிப்பு அவர் மறைந்த மறு ஆண்டு, 1958இல் வெளிவந்தது. அவருடைய மாணவர் சுத்தோமு ஓஷிமா அதை ஆங்கிலத்தில் பெயர்க்க, 1973இல் அது அயல்நாட்டு வாசகர் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.