அல்டோ லியோபோல்ட் (1887 – 1948)

காட்டுத்தீ பற்றி விடை எழுதச் சொன்னால் உங்களிற் பெரும்பாலானோர் மரங்கள் அழியும், விலங்குகள் இறக்கும், மண் அரிக்கப்படும், காபனீரொட்சைட்டு அதிகரிக்கும் என்று நான்கு வரி எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுகிறீர்கள். எழுதியவை பிழையல்ல. ஆனால் சில நிலங்களில் தீ வராமற் போவதும் ஒரு கேடுதான் என்று எழுதுபவர் மிகச் சிலரே. இதனை விளங்கிக்கொள்வதற்கு, தீயை அணைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவருடைய வாழ்க்கையைப் படிப்போம்.

அல்டோ லியோபோல்ட் 1887 ஜனவரி 11ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள பேர்லிங்டன் நகரிற் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்று, 1909இல் அமெரிக்க வனச் சேவையிற் சேர்ந்தார். முதல் நியமனம் அரிசோனாவின் அப்பாச்சி தேசிய வனத்திற் கிடைத்தது. 1912இல் எஸ்டெல்லா என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு கடும் சிறுநீரக நோயால் ஓராண்டுக்கு மேல் வேலையை விட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு, 1910 ஆகஸ்டில், ஐடாகோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாட்களில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் எரிந்து, 80இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் வனச் சேவை எல்லாத் தீயையும் பகையாகவே கண்டது. லியோபோல்டும் அப்படித்தான் நினைத்தார். பூர்வீகக் குடிகளும் சில நில உரிமையாளர்களும் காட்டின் அடிப்புல்லையும் சருகையும் அவ்வப்போது மெல்ல எரித்துவிடும் வழக்கத்தைக் கண்டித்து 1920இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே பூர்வீகக் குடியொன்றின் பெயரைச் சொல்லி எள்ளுவதாக இருந்தது. பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றில் இத்தகைய இடங்களை மறைத்துவிடுவார்கள், நான் மறைக்கவில்லை. பின்வருவது விளங்க இது தேவை.

அக்காலத்தில் அவர் தென்மேற்குப் பிராந்தியத்தில் சுமார் 2 கோடி ஏக்கர் வனங்களின் நிர்வாகப் பொறுப்பை வகித்தார். குதிரையேறி வனம் வனமாகப் பரிசோதனைக்குச் சென்றபோது தெற்கு அரிசோனாவின் மலையடிவாரங்களில் ஒரு புதிரைக் கண்டார். முன்பு புல்வெளியாக இருந்த இடங்களை ஜூனிப்பரும் ஓக்கும் பற்றைகளும் மூடியிருந்தன. முதிய ஜூனிப்பர் மரங்களின் அடியில் பழைய தீத்தழும்புகள் இருந்தன. இளம் மரங்களிலோ தழும்பே இல்லை. இதற்குக் காரணம் என்ன?

இவ்விடத்தை ஆறுதலாகப் படியுங்கள். முற்காலத்தில் கோடை மின்னல் புல்லைப் பற்றவைக்கும். பூர்வீகக் குடிகளும் பற்றவைப்பர். புல்லில் ஓடும் தீ உயரமாக எழாது. முளைத்துவரும் பற்றைக் கன்றுகளைக் கொன்றுவிட்டு, முதிர்ந்த மரத்தின் அடியைச் சுட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த மழைக்குப் புல் தன் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். 1880கள் அளவில் பெருமந்தைகள் வந்து புல்லை ஒட்ட மேய்ந்தன. தீயைக் கொண்டுசெல்லப் புல் இல்லை. எனவே தீயும் இல்லை. பற்றைகள் தடையின்றிப் பெருகின. மண்ணைப் பிடித்துவைத்திருந்த புல்வேர் குறைந்ததால் ஓடைக்கரைகள் இடிந்து பள்ளங்கள் விழுந்தன. ஆகவே நீரேந்து பிரதேசத்தைக் கெடுத்தது தீயன்று, மிகைமேய்ச்சலே என்று 1924இல் வெளியிட்ட கட்டுரையில் லியோபோல்ட் காட்டினார். எல்லாக் காட்டையும் எரிய விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதற்கு மாறாக, தீயும் நிலத்தின் ஓர் அங்கம் என்று அச்சில் ஒப்புக்கொண்டார். ஓநாய்களைச் சுட்டழித்தால் மான்கள் பெருகும் என்ற தமது பழைய நம்பிக்கையையும் அவர் பிற்காலத்தில் இவ்வாறே கைவிட்டார்.

அதே 1924இல் அவருடைய முயற்சியால் நியூ மெக்சிக்கோவின் கீலா வனப்பகுதி வீதிகள் அமைக்கப்படாத இயற்கை வனமாக ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டே விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகருக்கு இடம்மாறினார். 1933இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு முகாமைத்துவப் பேராசிரியரானார். வனச் சேவையோ கேட்கவில்லை. அறிவிக்கப்பட்ட எந்தத் தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்று 1935இல் விதித்தது.

அந்த ஆண்டில் லியோபோல்ட் விஸ்கொன்சின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட மணற்பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கு எஞ்சியிருந்தது ஒரு கோழிக்கூடு. அதைத் திருத்திக் குடிலாக்கி, மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாக விடுமுறைதோறும் பைன் கன்றுகளை நட்டனர். முதலில் நட்டவற்றிற் பெரும்பாலானவை 1936ஆம் ஆண்டு வறட்சியில் கருகின. மீண்டும் நட்டனர். அவர் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த பல்கலைக்கழகத் தாவரப் பூங்காவில், அழிந்த புல்வெளியை மீள உருவாக்க 1940களில் திட்டமிட்டுத் தீயிட்டுப் பார்த்தனர். தீ வைத்த இடங்களிற் புல்வெளித் தாவரங்கள் செழித்தன.

1948 ஏப்ரல் 21ஆம் திகதி காலை அயலவரின் பண்ணையில் குப்பைக்கு இட்ட தீ காய்ந்த புல்லிற் பரவி, அந்தப் பைன் மரங்களை நோக்கி வந்தது. 61 வயதான லியோபோல்ட் முதுகில் நீர்ப்பம்பியைச் சுமந்துகொண்டு, எரியாத ஓரத்தை நனைக்கத் தனியே போனார். அங்கே மாரடைப்பால் இறந்தார். தீ அவர் மேலால் மெல்லக் கடந்து சென்றிருந்தது. அவருடைய கட்டுரைத் தொகுப்பை வெளியிடப் பதிப்பகம் இணங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. அந்நூல் 1949இல் வெளிவந்தது.

அணைத்து அணைத்துச் சேர்த்த எரிபொருள் எங்கும் போகவில்லை. காலநிலை மாற்றத்தால் வெப்பமான காற்று தாவரங்களின் ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது, மலைப்பனி முந்தி உருகுகிறது, தீப்பருவமும் நீள்கிறது. 2011இல் அவர் வேலை தொடங்கிய அப்பாச்சி வனத்தில் பற்றிய தீ 5 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. திட்டமிட்டு எரிப்பதும் இன்று எளிதன்று: 2022இல் நியூ மெக்சிக்கோவில் வனச் சேவையே வைத்த தீ கைமீறி, இன்னொரு தீயோடு சேர்ந்து 3 இலட்சத்து 40 ஆயிரம் ஏக்கர் அளவில் பரவி வீடுகளையும் அழித்தது. ஆயினும் எரிக்காமல் விடவும் முடியாது. லியோபோல்டின் பண்ணை நிலத்தை இன்று பராமரிப்பவர்கள், காற்றும் ஈரப்பதனும் பொருத்தமான நாள் பார்த்து, நீர்ப்பம்பிகளோடு சுற்றி நின்று, அங்குள்ள புல்வெளிக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள்.